நடுக்கமானி

என் பெண்டாட்டி மார்த்தாளின் தலைமாட்டில் அந்தக் கம்பியை ஊன்றியவன் நான்தான். சர்க்கார் உத்தரவு. ஊன்றிவிட்டுக் கையைத் துடைப்பதற்குள் கம்பியின் உச்சியில் இருந்த குமிழ் சிவப்பாக எரிந்தது. பக்கத்தில் நோட்டோடு நின்ற மேற்பார்வையாளன் சூசைநாயகம், "நாப்பத்தேழாம் நம்பர், வேதனையில் இருக்கிற ஆத்துமா" என்று எழுதிக்கொண்டு நோட்டை மூடி நகர்ந்துவிட்டான். சோறு வெந்ததா என்று பார்த்துவிட்டுப் போகிற மாதிரி.

அவனை அன்றைக்கே மண்வெட்டிக் காம்பால் சாத்தியிருக்க வேண்டும். சாத்தவில்லை. நான் சபைக் கல்லறையில் குழி வெட்டுகிறவன். அவன் இந்தக் கம்பிகளைப் பார்க்கும் மானித்துறையின் உத்தியோகஸ்தன்.

எங்கள் தரங்கை நாடு ஏறக்குறைய முந்நூறு வருஷம் சீர்திருத்தச் சபை நாடு. டென்மார்க்குக் கப்பலில் வந்த பாதிரிகளிடம் ராஜா ஞானஸ்நானம் வாங்கினார். குடிகளும் வாங்கினார்கள். ரோமாபுரியோடு உறவு அற்றுப்போயிற்று. கடற்கரையோரத்துக் குப்பத்து ஜனம் மட்டும் பழைய கத்தோலிக்கமாகவே இருந்தது. மற்றபடி நாடு முழுக்க அச்சுக்கூடம், பள்ளிக்கூடம். கோயிலில் சுரூபம், சிலை கிடையாது. செத்தவனுக்காக ஜெபம் கிடையாது. செத்தால் தேவனிடம் போயாச்சு, அதற்குமேல் பேச்சில்லை.

அந்தச் சபையையும் நான் ஒன்றும் தலையில் தூக்கிவைத்து ஆடவில்லை. எங்கள் ஜனத்தைச் சுவரோரம் பள்ளத்தில்தான் புதைக்கச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியாதவனுக்கு நற்கருணை இல்லை என்று நாற்பத்தாறு வயது வரைக்கும் என்னைப் பின்பெஞ்சில் உட்கார வைத்தார்கள். மார்த்தாள்தான் கொட்டகைக் கதவில் கரியால் அகரம் எழுதிப் போட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் முதன்முதலில் முழுசாக எழுதியது என் பெயர்: ஞானாதிக்கம். சபையில் முழு அங்கமாகச் சேருகிறவன் கையெழுத்துப் போடுகிற திடப்படுத்தல் புத்தகத்தில், பாதிரி ஐயர் முன்னால்.

இந்த நாட்டை ஒரு கம்பி ஒன்பதே வருஷத்தில் ரோமாபுரிக்குத் திருப்பி அனுப்பிவிட்டது.

யாரோ ஒரு கல்லூரி வாத்தியார் பூமி அதிர்ச்சியை அளக்க நடுக்கமானி என்று ஒரு கருவி செய்தார். சத்தம் இல்லாத இடம் வேண்டுமென்று எங்கள் கல்லறைத் தோட்டத்தில் ஊன்றிப் பார்த்தார். புதைகுழி ஒவ்வொன்றும் மெல்ல நடுங்கிற்று. பயந்துபோய் நூறு குழியைப் பார்த்தார். நூறும் நடுங்கிற்று. அப்புறம் குப்பத்துக் கத்தோலிக்கக் கல்லறையில் நூறு பார்த்தார். ஒன்றுகூட நடுங்கவில்லை. இது பத்திரிகையில் வந்தது. பூசை வைத்தவன் அமைதியாகக் கிடக்கிறான், பூசை இல்லாதவன், பாவம் தீரும்வரை ஆத்துமா வேகிற உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடந்து நடுங்குகிறான் என்று தலைப்புப் போட்டார்கள். வேறு ஊர்களிலும் பார்த்தார்கள். அங்கேயும் அப்படியேதான்.

எவனும் தத்துவத்துக்காக மாறவில்லை. "உன் ஆத்தா மண்ணுக்குள் நடுங்குகிறாள்" என்று குமிழ் போட்டுக் காட்டினால் எந்தப் பிள்ளை சும்மா இருப்பான்? மந்திரிக்கும் ஆத்தா உண்டு. சட்டசபையில் கை தூக்கினார்கள், முடிந்தது. ஐயர்களில் பாதிப் பேர் அங்கி மாற்றிக்கொண்டார்கள். மீதிப் பேர் வாத்தியார் வேலைக்குப் போனார்கள்.

இந்த வருஷம் கடைசி உத்தரவு வந்தது. கல்லறைத் திருநாளன்று எங்கள் தோட்டத்தை மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார்கள். அன்றைக்கும் குமிழ் சிவப்பாக எரிகிற குழி, அந்த வீட்டுத் தலைவன் திடப்படுத்தல் புத்தகத்தில் தன் பெயரைத் தானே கோடு போட்டு அடிக்காத குழி, இரண்டும் சேர்ந்தால் எலும்பைத் தோண்டிச் சுவருக்கு வெளியே உப்பளத்தில் போட வேண்டும். அப்படி நாற்பத்தேழு குழி மிஞ்சியிருந்தது. எல்லாம் சுவரோரம் பள்ளத்தில் கிடந்த எங்கள் ஜனம். தோண்ட வேண்டிய ஆள் நான்.

கம்பிகளிலிருந்து ஒயர் இழுத்துக் கோயில் முகப்பில் ஒரு பலகையில் சேர்த்திருந்தார்கள். பலகையில் நம்பர் போட்டு நாற்பத்தேழு சிவப்புக் குமிழ். யார் வீட்டுப் பிணம் வேதனையில் கிடக்கிறது என்று ஊரே போகிற வருகிற போக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

என் மகள் தெபோராள் வலை ஆலையில் வேலை செய்கிறாள். பலகை மாட்டிய மூன்றாம் நாள் ஆலையில் எவளோ, "நாப்பத்தேழு, தள்ளி நில்லுடி, சுடுது" என்றாளாம். தெபோராள் நேராகக் கோயிலுக்குப் போய்த் தன் பெயரைக் கோடு போட்டு அடித்துவிட்டு, கழுத்தில் செபமாலையோடு வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகு மூன்று மாதமாக எங்கள் வீட்டில் இரண்டு அடுப்பு இல்லாதது ஒன்றுதான் பாக்கி.

திருநாளுக்கு ஒரு மாதம் இருக்கும்போது சோற்றைப் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒரு கோடுப்பா. ஒரே ஒரு கோடு. அதுக்கு ஏன் இந்த வீம்பு?"

"ஒங்கம்மா கையப் புடிச்சி எழுத வெச்ச பேரு."

"அந்த அம்மாதான் அங்க நடுங்கிக்கிட்டுக் கெடக்கறாங்க."

"நடுங்கல."

"அப்ப வெளக்கு?"

"வெளக்குக்கு என்னாத் தெரியும்?"

"ஒங்களுக்கு என்னாத் தெரியும்? காலேஜி வாத்தியாருக்குத் தெரியாதது, மந்திரிக்குத் தெரியாதது, குழி வெட்டுறவருக்குத் தெரிஞ்சிடுச்சாக்கும்!"

"நாக்க அடக்குடி."

"அடக்க மாட்டேன். உப்பளத்துல நாய் தோண்டும்ப்பா. ஒங்க பேரு அழியக் கூடாது, அம்மா எலும்ப நாய் தூக்கணும். அதான ஒங்க விசுவாசம்?"

நான் சோற்றில் கையைக் கழுவினேன். எங்கள் வீட்டில் அதற்குமேல் அவமானம் கிடையாது. அவள் தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருப்பேன்.

மார்த்தாள் செத்துப் பதினான்கு மாதம். கடைசியில் அவள் கேட்டது இரண்டே. எனக்காக எவனும் ஜெபம் பண்ண வேண்டாம். என்மேல் கனம் ஏற்றாதே. இரண்டாவதைக் கேட்காமலே செய்திருப்பேன். எங்கள் சபையில் குழியை மூடினால் மண்ணைக் கையால் கூட்டிக் குவிப்போம். மிதிக்க மாட்டோம், இடிக்க மாட்டோம். கடைசி எக்காளத்தில் எழும்ப வேண்டியவர்கள், பாரம் வைக்காதே என்று அந்தக் காலத்து ஐயர் எவரோ சொல்லிவைத்த வழக்கம். கல்லறையில் மண்டியிடுவதும் கிடையாது. நின்றபடி பாட்டு, நின்றபடி ஜெபம்.

திருநாளுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சங்கதி நடந்தது. வளைவு கட்ட மூங்கில் ஏற்றிவந்த டிராக்டர் மழைச் சேற்றில் வழுக்கி, நாற்பத்தேழில் ஒன்றான சாராய எபநேசர் குழிமேல் பின்சக்கரத்தை ஏற்றி இறக்கிவிட்டுப் போயிற்று. எபநேசர் உயிரோடிருந்தபோது கோயில் பக்கம் வந்ததில்லை. செத்த பிறகு அவனுக்காகத் தும்மியவன்கூட இல்லை. அவன் குமிழ் அணைந்தது.

மறுநாள் இப்போது எங்கள் கோயிலில் பூசை வைக்கிற மரியநாதர் சுவாமி பிரசங்கத்தில், எபநேசர் சாகிற நேரத்தில் தன் பாவத்துக்காக உள்ளுக்குள் மனஸ்தாபப்பட்டிருப்பான், சர்வேசுரனுக்குத்தான் தெரியும் என்றாராம். எனக்குச் சிரிப்பு வந்தது. எபநேசர் சாகிற நேரத்தில் கேட்டது கால் பாட்டில்.

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு போய் அவன் தலைமாட்டு மண்ணைக் கிளறிவிட்டேன். குமிழ் எரிந்தது. காலால் மிதித்து இறுக்கினேன். அணைந்தது. திரும்பக் கிளறினேன். எரிந்தது. கம்பியில் இரண்டு விரலை வைத்துப் பார்த்தேன். கல்லறைக்கும் கடலுக்கும் நடுவில் நானூறு அடிகூட இல்லை. ஐப்பசி அலை கரையில் அடிக்கிற ஒவ்வொரு அடியும் பொலபொலத்த மண் வழியாகக் கம்பியில் வந்து இறங்கியது. இறுகின மண்ணில் கம்பி ஆணி மாதிரி நின்றது.

குப்பத்தில் நரித்தொல்லை. அதனால் அங்கே குழியை மூடியதும் திமிசுக்கட்டையால் இடித்து இறுக்கிவிடுவார்கள். அந்த ஜனம் திதிக்குத் திதி வந்து குழியைச் சுற்றி மண்டியிட்டு மிச்ச மண்ணையும் அமுக்கிவிடும். நாங்கள் இடிப்பதில்லை. நாடே இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போனது இதனால்தான். ஒரு திமிசுக்கட்டையால்.

சூசைநாயகம் மானித்துறைக் கொட்டகையில் டீ குடித்துக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே சொன்னேன். கேட்டு முடிக்கும்வரை டம்ளரைக் கீழே வைக்கவில்லை.

"மண்ணா?" என்றான்.

"மண்ணுதாங்க. வேணும்னா வந்து பாருங்க, மிதிச்சுக் காட்டுறேன்."

"உள்நாட்டு ஊர்லயும் எரியுதே. அங்க கடலு எங்க?"

"அங்க ரயிலு. மாட்டு வண்டி. ரைஸ் மில்லு. ஏதாவது ஒண்ணு பூமிய ஆட்டிக்கிட்டுத்தானே இருக்கு. நம்மாளு குழி எல்லா ஊர்லயும் லேசாத்தானே கெடக்கு."

"படிச்சவன் எவனுக்கும் இது தோணலயாக்கும்?"

"படிச்சவன் எவன் குழி மூடியிருக்கான்?"

டம்ளரை வைத்தான். எழுந்து கதவைச் சாத்தினான். அடிக்கப்போகிறான் என்றுதான் நினைத்தேன்.

"ஞானாதிக்கம், ஒன்ன ஒருமையிலயே பேசறேன். எம்மவன் மேட்டு வரிசைல எட்டாவது குழில கெடக்கான். ஆறு வயசு. அவன் வெளக்கு ஆறு மாசம் எரிஞ்சுது. நாங்களும் ஒங்க சபைதான் அப்ப. எம்பொஞ்சாதி சோறு திங்கல, கஞ்சியும் குடிக்கல. பூசை வெச்சோம். சொந்தக்காரன் முப்பது பேரு சுத்தி மண்டி போட்டு அழுதோம். அணைஞ்சுது. அன்னிக்குத்தான் அவ வாயில சோறு எறங்குச்சு. இப்ப நீ வந்து மண்ணுங்கற."

"முப்பது பேரு மண்டி போட்டா எந்த மண்ணும் எறுகும்."

"வெளிய போடா."

"தோண்டுற உத்தரவையாவது…"

"வெளிய போ. இத எவன்கிட்டயாவது வாயத் தொறந்தே, மானியச் சேதப்படுத்துனேன்னு எழுதி உள்ள தள்ளிடுவேன். எபநேசர் குழிய நோண்டுனியே, அதுக்குச் சாட்சி இருக்கு."

பயந்தேன். உண்மையைச் சொல்லப் போனவன் குற்றவாளியாகத் திரும்பி வந்தேன். தெபோராளிடம் சொல்லலாம் என்று வீட்டுக்குப் போனால், அவள் தன் கட்டிலில் உட்கார்ந்து செபமாலை உருட்டிக்கொண்டிருந்தாள். முகம் தெளிவாக இருந்தது. அம்மா செத்த பிறகு அந்த முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. வாயை மூடிக்கொண்டேன். அது தயவா, கோழைத்தனமா, தெரியாது.

அடுத்த நாள் என்னோடு குழி வெட்டுகிற எசேக்கியேலைக் கூப்பிட்டேன். அவன் என் பெண்டாட்டிக்குத் தம்பி முறை. அவன் அப்பன் குழி முப்பத்தொன்றாம் நம்பர்.

"தோண்டப்போறது நாம. அதுக்கு முந்தி இடிச்சுட்டா?" என்றேன்.

"இடிக்கறதா? மச்சான், நம்ம ஜனத்து மேலயா?"

"மேல இடிச்சா உள்ள கெடக்கும். இடிக்கலன்னா வெளிய நாய் வாயில கெடக்கும். எது தேவல?"

அப்பன் குழிப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "எப்ப?" என்றான்.

திருநாளன்று காலை ஒன்பது மணிக்குப் பெரிய பூசை. பூசை முடிந்து பவனியாக வந்து பரிசோதனை. ஆகவே ஒன்பதிலிருந்து பத்தரை வரைக்கும் தோட்டத்தில் ஈ காக்கை இருக்காது. அந்த நேரத்தையே பிடித்துக்கொண்டோம். எங்களுக்கு அதைவிட்டால் வேறு நேரமும் இல்லை. காவல்காரன்கூடப் பூசைக்குப் போய்விட்டான்.

திமிசுக்கட்டையை இரண்டு பேரும் மாற்றி மாற்றி எடுத்தோம். முதலில் எபநேசர். கிளறியவன் நான்தானே. அப்புறம் வரிசையாக. மழை லேசாகத் தூறிற்று. எல்லாம் பத்து, பதினைந்து வருஷத்துப் பழைய குழிகள். உள்ளே பெட்டி மக்கி மண்ணோடு மண்ணாகியிருந்தது. தலைமாட்டில் நாலு குத்து, பக்கவாட்டில் நாலு குத்து, கம்பி அசையாமல் நின்றுவிடும். குமிழ் அணையும். ஒவ்வொரு குத்துக்கும் எசேக்கியேல் பேரைச் சொல்லி, "பொறுத்துக்க தாயி", "பொறுத்துக்க சித்தப்பா" என்றான். தன் அப்பன் குழியில் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு இடித்தான். நடுவில் கோயில் மணி அடித்தது. நாங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நாற்பத்தாறு முடிந்தது. மார்த்தாள் பாக்கி.

கட்டையைத் தூக்கினேன். தூக்கியபடியே நின்றேன். அவள் பெட்டி நான் செய்தது. துறைமுகத்தில் கழித்துப்போட்ட சரக்குப் பெட்டிப் பலகை, அரை விரல் கனம்கூட இராது. பதினான்கு மாத ஈரத்தில் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரே குத்து. பலகை உடைந்து அவள் முகத்தில் இறங்கும்.

"குடு மச்சான், நான் போடறேன்" என்றான் எசேக்கியேல்.

"தொட்டே, கைய ஒடிப்பேன்."

"அப்ப பவனி வந்து பாத்தா?"

"நீ போ."

கட்டையைச் சுவருக்கு அந்தப்புறம் எறிந்துவிட்டு அவன் போனான். நான் அங்கேயே நின்றேன். பள்ளம் முழுக்க இருட்டுக் குமிழ்கள். அவளுடையது மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

கோயிலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரியும். எங்கள் இரண்டு பேரைத் தவிர மற்றக் குழிகளின் வீட்டுக்காரர்கள் எல்லாரும் பூசைக்குள் போகாமல் வாசலில் விறைப்பாக நின்றுகொண்டிருந்தார்களாம், எலும்பை வாங்கிக்கொண்டு போக. அவர்கள் தலைக்கு மேல்தான் அந்தப் பலகை. சுவாமியார் உள்ளே உத்தரிக்கிற ஆத்துமாக்கள் பிரார்த்தனையைத் தொடங்கியதும் பலகையில் எபநேசர் அணைந்தான். அப்புறம் அடுத்தது. அப்புறம் அடுத்தது. நாங்கள் இடித்த வரிசை மாறாமல். பூசையில் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற எழுந்தேற்ற மணி அடிக்கும்போது முப்பத்தொன்று அணைந்தது. யாரோ ஒரு பெண் "ஐயோ எங்கம்மா!" என்று வாசற்படியிலேயே விழுந்தாளாம்.

என் மூளையைச் செருப்பால் அடிக்க வேண்டும். ஒயர் எங்கே போகிறது என்று எனக்குத் தெரியாதா? ஒயருக்குக் குழி வெட்டியவனே நான்தானே.

எசேக்கியேல்தான் ஓடிவந்து சொன்னான். மூச்சு வாங்கியது. விரலில் மசி.

"எல்லாரும் அடிச்சுட்டாங்க மச்சான். நாப்பத்தாறு வீடும். வரிசைல நின்னு அடிச்சாங்க."

"ஒன் வெரல்ல என்னடா?"

விரலை வேட்டியில் துடைத்தான்.

"டேய், நீதானடா இடிச்ச? ஒங்கப்பன் குழிய ஒங் கையாலதானடா இடிச்ச?"

"இடிச்சேன். இல்லங்கல."

"அப்பறம்?"

"சரியா மணி அடிக்கறப்பதான் எங்கப்பன் அணைஞ்சாரு. நெனச்சுப் பாரு. ஒரு குத்து முந்தியும் இல்ல, பிந்தியும் இல்ல. அந்த நேரத்துல எங் கையில கட்டையக் குடுத்தது யாரு?"

"நாந்தான்டா குடுத்தேன், எருமை!"

"ஒன் புத்தியில குடுத்தது யாரு?"

அவனை அடித்தேன். கன்னத்தில் ஒன்று, தோளில் ஒன்று. வாங்கிக்கொண்டான். திருப்பி அடித்திருந்தால் அவன் எசேக்கியேல். வாங்கிக்கொண்டு, "சர்வேசுரன் ஒன்ன மன்னிக்கட்டும்" என்றான். மனிதன் கையைவிட்டுப் போய்விட்டான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பவனி உள்ளே வந்தது. பேண்டு, குடை, சிலுவை, மரியநாதர் சுவாமி, பின்னால் ஊரே. மூவாயிரம் பேருக்குக் குறையாது. அணைந்த குழிகளைத் தாண்டும்போதெல்லாம் அழுகையும் கும்பிடும். நேராக எங்கள் மூலைக்கு வந்து நின்றார்கள். எரிகிற ஒரே குமிழின் முன்னால் நான் மண்வெட்டியோடு நின்றேன். கூட்டத்தில் ஒருவன், "ஒருத்தன் வீம்புக்கு ஒரு பொம்பள வேகுது பாரு" என்றான். இன்னொருவன், "தோண்டச் சொல்லுங்க அவனையே" என்றான். எல்லாரும் தங்கள் வீட்டுப் பிணத்துக்கு என்னிடம் குழி வெட்டி வாங்கியவர்கள்தான்.

சூசைநாயகம் திடப்படுத்தல் புத்தகத்தை என் முன்னால் விரித்துப் பேனாவை நீட்டினான். "இந்த ஜில்லாவுலயே கடைசிப் பேரு" என்றான். குரலில் அதட்டல் இல்லை. என்னை நேராகப் பார்க்கவும் இல்லை. வரிசையாகக் குத்திய திமிசுத் தடங்கள் மழை ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தன. அவன் கண் அதில்தான் இருந்தது. பார்த்துவிட்டான். பேனாவை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"அடிக்க மாட்டேன்" என்றேன்.

"அப்ப தோண்டு."

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தெபோராள் வந்தாள். தலையில் முக்காடு. என் கையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, எல்லாரு அம்மாவும் போயிட்டாங்கப்பா. நம்ம அம்மா மட்டும் தனியாக் கெடக்கறாங்க."

அப்போதுதான் சொன்னேன். அவள் காதோரம், மெதுவாக. "எவ ஆத்தாளும் எங்கயும் போகல. மண்ணு லேசா இருக்கு, கம்பி ஆடுது, கடல் அடிக்கிற அடி. மத்ததெல்லாம் நாங்க இடிச்சோம். இவள இடிக்க முடியல. பெட்டி தாங்காது."

நம்பவில்லை. நம்பாமல் குழியைப் பார்த்தாள், பக்கத்துக் குழிகளைப் பார்த்தாள். பிறகு மற்றவர்கள் செய்வதுபோல, தலைமாட்டில், கம்பிக்கு ஒட்டி ஒரு பக்கமாக மண்டியிட்டாள். குமிழ் மங்கியது. முழங்காலைத் தூக்கினாள். நன்றாக எரிந்தது. அமுக்கினாள். மங்கியது.

மூன்று மாதம் இதே குழிக்கு வந்தும் கால்மாட்டில், கம்பிக்குத் தூரமாகவே மண்டியிட்டவள்.

என்னை நிமிர்ந்து பார்த்த முகத்தை நான் யாருக்கும் காட்ட மாட்டேன். "எத்தினி நாளாத் தெரியும்?" என்றாள்.

"ரெண்டு வாரம்."

"ரெண்டு வாரம் நான் செபம் சொல்றதப் பாத்துக்கிட்டே இருந்தீங்க."

"ம்."

"எரிஞ்சப்ப அம்மா எங்கயோ இருக்காங்கன்னு இருந்துச்சு. இப்ப எங்கயுமே இல்லன்னு சொல்றீங்க. இதத் தெரிஞ்சுக்கிட்டு நான் என்னாப்பா பண்ண?"

பதில் வேதத்தில் இருக்கலாம். நான் அவ்வளவு தூரம் இன்னும் வாசிக்கவில்லை.

பின்னால் சூசைநாயகம், "நேரமாவுது" என்றான். உப்பளத்து ஆட்கள் இரண்டு பேர் கடப்பாரையோடு முன்னுக்கு வந்தார்கள்.

தெபோராள் கடப்பாரையைப் பார்த்தாள். உதட்டைத் துடைத்தாள். பிறகு என்னிடம், ஆலையில் பக்கத்துத் தறிக்காரியிடம் வேலை சொல்கிற குரலில் சொன்னாள்: "ஒரு பக்கம் பத்தல. அந்தப் பக்கம் வாங்க."

"என்னா?"

"மண்டி போடுங்கப்பா. கம்பிய ரெண்டு பக்கமும் புடிக்கணும்."

"என்னையா?"

"எடை வேணும். வாங்க."

மண்வெட்டியைக் கீழே வைத்தேன். ஐம்பத்தெட்டு வயதில், மூவாயிரம் பேர் பார்க்க, என் பெண்டாட்டியின் தலைமாட்டில், மகளுக்கு எதிரில் மண்டியிட்டேன். முழங்கால் ஈர மண்ணில் இறங்கியது. உள்ளே பலகை முனகுகிறதா என்று காதைத் தீட்டிக் கேட்டேன். இல்லை. இரண்டு பேரும் கம்பியை நடுவில் வைத்து மண்ணை நெருக்கினோம். குமிழ் ஒரு தரம் துடித்தது. அணைந்தது.

மூவாயிரம் தொண்டையும் ஒன்றாகக் கத்திற்று. பேண்டுக்காரன் முழங்கினான். மரியநாதர் சுவாமி கண்ணீரோடு என் தலையில் கை வைத்து ஏதோ லத்தீனில் சொன்னார். "பேரு இன்னும் அடிக்கலயே?" என்று யாரோ கேட்டான். "மண்டி போட்டதே போதும், நான் அடிச்சுக்கறேன்" என்று சூசைநாயகம் பேனாவைத் திறக்கிற சத்தம் கேட்டது. நான் எழுந்து அந்தப் புத்தகத்தைப் பிடுங்கியிருக்கலாம். எழுந்தால் எரியும்.

உப்பளத்து ஆட்கள் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு பின்வாங்கினார்கள்.

தெபோராளின் தொடை நடுங்கிற்று. நெற்றி என் நெற்றியில் இடிக்கிற தூரம். "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்றாள், உதடு அசையாமல்.

"இவனுங்க போற வரைக்கும். அசையாத."

அவர்கள் போகவில்லை. எங்களைச் சுற்றி ஒவ்வொருவராக மண்டியிட்டு நீளமான மன்றாட்டு மாலையைப் பாடத் தொடங்கினார்கள்.